மட்டக்களப்பு, அம்பாறை அலுவலகங்களுக்கு எந்த வீடியோக் கூட்டச் செயலி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. சூம், கூகுள் மீட், டீம்ஸ், வட்ஸ்அப் எல்லாமே இருக்கின்றன. எதை எடுப்பது?

முதலில் உங்கள் கூட்டத்தில் ஆகக் குறைந்த சிக்னலோடும் ஆகப் பழைய போனோடும் சேர்பவர் யார் என்று பாருங்கள். வாகரையிலோ வெல்லாவெளியிலோ பொத்துவில் பக்கத்திலோ நிற்கும் அந்த வெளிக்கள உத்தியோகத்தருக்கு எது தடையில்லாமல் வேலை செய்கிறதோ, அதுவே உங்கள் செயலி. பட்டியல் போட்டு வசதிகளை ஒப்பிடுவது அதற்குப் பிறகு.

பொதுவாகச் சொன்னால், எல்லோரும் அன்ட்ரொயிட் போனில் சேர்ந்து, கூட்டத்தை ஒலி, வீடியோவாகப் பதிவதும் பிரிவு அறைகளும் (ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவிடும் வசதி) தேவையில்லை என்றால் கூகுள் மீட் போதும். பயிற்சி, மொழிபெயர்ப்பு, சிறு குழுக்களாகப் பிரிதல் என்று வந்தால் சூம். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் மைக்ரோசொப்ட் கணக்கில் இயங்கினால் டீம்ஸைத் தவிர்க்க முடியாது. ஐந்தாறு பேர் காலையில் பத்து நிமிடம் பேசுவதற்கு வட்ஸ்அப் குழு அழைப்பே நல்லது.

இலவசக் கணக்கில் எவ்வளவு நேரம், எத்தனை பேர்?

சூம் 40 நிமிடம், 100 பேர். இருவர் மட்டும் பேசினாலும் 2022 முதல் அதே 40 நிமிடம்தான். கூகுள் மீட் 60 நிமிடம், 100 பேர். இருவர் மட்டும் என்றால் 24 மணித்தியாலம் வரை. டீம்ஸ் 60 நிமிடம், 100 பேர். வட்ஸ்அப்பில் நேர எல்லை இல்லை, ஆனால் 32 பேர்தான். ஜிட்சி மீட் என்ற இன்னொரு செயலியும் இலவசம், கணினியில் பிரவுசரிலேயே திறக்கும். 2023 ஓகஸ்ட் முதல் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் கூகுள் போன்ற ஒரு கணக்கால் உள்நுழைய வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: நேர எல்லை கூட்டத்தைத் தொடங்குபவரின் கணக்கைப் பொறுத்தது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தோடோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தோடோ சேர்ந்து பயிற்சி நடத்துகிறீர்கள், அவர்களிடம் கட்டணக் கணக்கு இருக்கிறது என்றால், லிங்கை அவர்களையே உருவாக்கச் சொல்லுங்கள். நீங்கள் இலவசக் கணக்கில் தொடங்கி இடையில் அறுபட வேண்டியதில்லை.

40 நிமிடத்தில் அறுபடுகிறது. காசு கட்டத்தான் வேண்டுமா?

மாதம் ஒன்றிரண்டு கூட்டம் என்றால் வேண்டாம். 9.00க்கு ஒன்று, 9.45க்கு ஒன்று என இரண்டு கூட்டங்களை முன்கூட்டியே உருவாக்கி, இரண்டு லிங்க்கையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். நிகழ்ச்சி நிரலையும் அதற்கேற்ப இரண்டாகப் பிரியுங்கள். முடிவெடுக்க வேண்டிய விடயம் முதல் பாதியில் வரட்டும், ஏனென்றால் இரண்டாம் லிங்கில் இரண்டு மூன்று பேர் திரும்பி வரமாட்டார்கள்.

வாரம் தவறாமல் கூட்டம், வெளியாருக்குப் பயிற்சி என்றால் ஒரே ஒரு கட்டணக் கணக்கு வாங்கினால் போதும். ஒவ்வொருவருக்கும் வாங்கத் தேவையில்லை. தொடங்குபவருக்கு மட்டும்தான் அது வேண்டும். ஆனால் ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் நடத்தலாம் என்று நம்ப வேண்டாம். யாருக்கு எந்த நேரம் என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் அமெரிக்க டொலரில் வரும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்பட்டிருக்க வேண்டும்; பல டெபிட் அட்டைகளில் அது மூடியே இருக்கும், வங்கியிடம் கேட்டுத் திறக்க வேண்டும். கணக்கை ஒரு உத்தியோகத்தரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் கணக்கும் போய்விடும். பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாக இருந்தால் கூகுளின் இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கான திட்டத்துக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். தகுதி கிடைத்தால் 100 பேர், 24 மணித்தியாலம் வரையிலான மீட் கூட்டங்கள் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு டேட்டா போகும்?

சூம் தரும் அளவுகளை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஒலி மட்டும் என்றால் ஒரு பக்கத்துக்கு விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட். போகவும் வரவும் சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ 70 மெகாபைட். குழுக் கூட்டத்தில் கமெராவோடு இருந்தால் இறங்குவது 1 மெகாபிட், ஏறுவது 600 கிலோபிட்; அது மணிக்கு 720 மெகாபைட்டுக்குக் கிட்ட வரும். உங்கள் கமெராவை மூடி மற்றவர்களை மட்டும் பார்த்தால் 450 அளவில் நிற்கும். ஸ்கிரீன் ஷேர் மட்டும் என்றால் மணிக்கு 35க்குள்.

வாரம் ஒன்றரை மணித்தியாலக் கூட்டம் என்று எடுங்கள். கமெராவோடு இருப்பவருக்கு மாதம் 4 ஜிபிக்கு மேல். ஒலியும் ஸ்லைடும் மட்டும் என்றால் 600 மெகாபைட் அளவில் முடியும். வெளிக்கள உத்தியோகத்தர் தன் கைக்காசில் ரீலோட் பண்ணுகிறார் என்றால் இந்த வித்தியாசம் அவருக்குப் பெரியது. டேட்டாச் செலவை நிறுவனம் கொடுப்பதே நியாயம். கொடுக்காத இடத்தில் கமெராவைப் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டேட்டாப் பொதியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஜிபியில் ஒரு பகுதி நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய இரவு டேட்டாவாக இருக்கும். அலுவலகக் கூட்டத்துக்கு அது உதவாது. எந்த நேரமும் பாவிக்கும் அளவு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். வட்ஸ்அப்புக்கென்று தனியாக வரும் பொதிகளில் அழைப்பும் அடங்குமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

போனில் சிக்னல் கோடு முழுதாக நிற்கிறது. ஆனாலும் படுவான்கரையிலிருந்து பேசுபவரின் குரல் வெட்டி வெட்டி வருகிறதே, ஏன்?

அந்தக் கோடு டவரிலிருந்து உங்களுக்கு வரும் அலையின் பலத்தைத்தான் காட்டுகிறது. அந்த நேரம் அதே டவரில் எத்தனை பேர் டேட்டா இழுக்கிறார்கள், உங்கள் போனிலிருந்து மேலே போகும் வேகம் எவ்வளவு என்பதை அது காட்டாது. கூட்டத்தில் உங்கள் குரல் போவது அந்த மேலேறும் வழியில்தான். வேகச் சோதனை செய்தால் இறங்கும் வேகத்தை விட்டுவிட்டு ஏறும் வேகத்தைப் பாருங்கள். 1 மெகாபிட்டுக்குக் கீழே அடிக்கடி விழுந்தால் அந்த இடத்தில் கமெரா வேண்டாம். பின்னேரம் 7 மணிக்குப் பிறகு வீடுகளில் எல்லோரும் வீடியோ பார்க்கத் தொடங்குவதால் நெரிசல் கூடும். அதே டவரில் காலை 9 மணிக் கூட்டம் தெளிவாக இருக்கும்.

தகரக் கூரைக்குக் கீழே அலை நன்றாகவே குறையும். வெளி விறாந்தைக்கு வந்தாலே வித்தியாசம் தெரியும். நடந்துகொண்டு பேசினால் போன் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அந்தத் தாவலில் இரண்டு மூன்று விநாடி குரல் விழும். நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கேயே இருங்கள்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. கூட்டத்தின் நடுவே சாதாரண அழைப்பு வந்தால், 4ஜி வழியே அழைப்பை எடுக்க முடியாத போன் பழைய வலையமைப்புக்கு இறங்கிவிடும், கூட்டம் அறுபடும். போன் செட்டிங்கில் வோல்ட்இ (VoLTE) என்று இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். இரண்டு சிம் போடும் போன்களில், டேட்டா இல்லாத சிம்முக்கு அழைப்பு வந்து பேசினால் மற்றச் சிம்மின் டேட்டா பெரும்பாலும் நின்றுவிடும். கூட்ட நேரத்தில் இரண்டாவது சிம்மைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதுதான் வழி.

வரும் வீடியோவையும் நிறுத்தலாம். சூமிலும் டீம்ஸிலும் உள்வரும் வீடியோவை நிறுத்தும் தெரிவு கூட்டத்துக்குள்ளேயே உண்டு. கணினியில் மீட் என்றால் வீடியோ செட்டிங்கில் பெறும் தரத்தை ஒலி மட்டும் என்று மாற்றலாம். வட்ஸ்அப்பில் சேமிப்பும் டேட்டாவும் என்ற பகுதிக்குள் அழைப்புக்குக் குறைந்த டேட்டா பாவிக்கும் தெரிவு இருக்கிறது. இவை எதுவும் உதவாத நாளில், அவருக்குச் சாதாரண அழைப்பு எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு லப்டொப் மைக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். பார்க்க நாகரிகமாக இராது, ஆனால் அவருடைய கருத்து கூட்டறிக்கையில் ஏறும்.

பிரதேச சபை மண்டபத்தில் 25 பேர் இருக்கிறார்கள், கொழும்பிலிருந்து நான்கு பேர் ஒன்லைனில். எதிரொலி தாங்க முடியவில்லை.

ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒலியோடு கூட்டத்தில் இருப்பதே பெரும்பாலும் காரணம். ஒன்றின் ஸ்பீக்கரில் வருவதை மற்றதன் மைக் பிடித்துத் திரும்ப அனுப்பும். மண்டபத்தில் ஒரு லப்டொப் மட்டும் ஒலியோடு இருக்கட்டும். மற்றவர்கள் தங்கள் போனில் ஸ்லைடு பார்க்க விரும்பினால் மைக்கை மூடி, ஸ்பீக்கரையும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மைக்கை மட்டும் மூடினால் போதாது.

மேசையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் என்றால் யூஎஸ்பியில் செருகும் ஒரு கூட்ட ஸ்பீக்கர்போனை நடுவில் வையுங்கள். இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் இருப்பவர் குரல் அதில் தெளிவாக விழாது. மேலே சுழலும் ஃபானுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சூமில் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் தெரிவை உயர்வாக வைத்தாலும் காற்று மைக்கில் நேரே அடித்தால் பயனில்லை.

25 பேர் உள்ள மண்டபத்துக்கு அங்கிருக்கும் அம்பிளிஃபயரையே பாவிக்கலாம். லப்டொப்பின் ஹெட்போன் துளையிலிருந்து அம்பிளிஃபயரின் ஓக்ஸ் உள்ளீட்டுக்கு ஒரு வயர். கொழும்பிலிருந்து பேசுவது மண்டபம் முழுக்கக் கேட்கும். மண்டபத்தின் குரலைக் கொழும்புக்கு அனுப்பும் எதிர்த் திசைதான் சிக்கலானது. மண்டப மைக்குகள் வந்து சேரும் மிக்சரின் வெளியீட்டை லப்டொப்பின் மைக் துளைக்குள் நேரே செருகினால் ஒலி அளவுக்கு மீறிப் போய்க் கரகரக்கும், ஏனென்றால் அந்தத் துளை மைக்கின் சிறிய மின்னளவுக்காகச் செய்தது. லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி சவுண்ட் காட் ஒன்றை இடையில் போடுங்கள். மிக்சரின் பிரதான வெளியீட்டை எடுக்காமல், ஓக்ஸ் செண்ட் வெளியீட்டை (எந்தச் சனல் எவ்வளவு போவதென்று தனியாக அமைக்கக்கூடிய வெளியீடு) எடுத்து, அதில் லப்டொப் வரும் சனலின் குமிழைச் சுழியத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் கொழும்பில் பேசுபவருக்குத் தன் குரலே அரை விநாடி கழித்துத் திரும்பக் கேட்கும்; இரண்டு வசனத்துக்கு மேல் எவராலும் அப்படிப் பேச முடியாது.

மிக்சர் தெரிந்தவர் இல்லையென்றால், ஒரு போனைக் கூட்டத்தில் சேர்த்து, ஸ்பீக்கரைச் சுழியமாக்கி, கைமைக் போலப் பேசுபவரிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். லப்டொப்பின் மைக் மூடியிருக்க வேண்டும். கொழும்பு பேசும்போது அந்தப் போனை மியூட் பண்ண ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.

செலவழிக்கக் கொஞ்சக் காசுதான் உண்டு என்றால் கமெராவுக்கு முன் ஒலிக்குச் செலவழியுங்கள். முகம் மங்கலாகத் தெரிந்தாலும் கூட்டம் நடக்கும், குரல் விளங்காவிட்டால் நடக்காது.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். எந்தச் செயலி?

அம்பாறை மாவட்டக் கூட்டங்களில் இது தவிர்க்க முடியாதது. சூமின் மொழிபெயர்ப்பு வசதி இதற்கு ஏற்றது. மொழிபெயர்ப்பாளருக்குத் தனி ஒலி வழி திறக்கும். கேட்பவர் தன் மொழியைத் தெரிவு செய்து கேட்கலாம். இலவசக் கணக்கில் இது இல்லை. கட்டணத் திட்டங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம், வாங்கும் முன் பாருங்கள். தமிழும் சிங்களமும் பட்டியலில் தென்படாவிட்டால் நீங்களே மொழிப் பெயரைச் சேர்க்கலாம்.

மூன்று இடங்களில் இது பிழைக்கும். உங்கள் நிரந்தரத் தனிக் கூட்ட எண்ணில் தொடங்கினால் வசதி வராது, ஒவ்வொரு முறையும் புதிய எண் உருவாக்க வேண்டும். பிரிவு அறைகளுக்குள் அது வேலை செய்யாது, பிரதான அறையில் மட்டும்தான். இணையச் சேமிப்பில் செய்யும் பதிவில் மூல ஒலி மட்டுமே இருக்கும், மொழிபெயர்ப்புப் பதியாது. தமிழ் ஒலி பதிவில் வேண்டுமென்றால் ஒருவர் தமிழ் வழியைக் கேட்டபடி தன் கணினியில் பதிய வேண்டும்.

காசில்லாமல் செய்ய ஒரு வழி உண்டு. பிரதான கூட்டம் மீட்டில் நடக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் ஹெட்செட்டில் அதைக் கேட்டு, வேறொரு போனில் வட்ஸ்அப் குழு அழைப்பில் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். தேவைப்படுபவர்கள் அந்த அழைப்பில் சேர்ந்து, மீட்டின் ஒலியைக் குறைத்துக் கேட்பார்கள். 32 பேர் வரைதான் என்பதை மறக்க வேண்டாம். ஒரே மொழிபெயர்ப்பாளரை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பேச வைப்பது கொடுமை. 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற இருவர் வேண்டும். பேசப்போகும் ஸ்லைடுகளை அவர்களுக்கு முதல் நாளே கொடுங்கள்.

தலைமை அலுவலகம் டீம்ஸ் லிங்க் அனுப்புகிறது. எங்கள் லப்டொப்பில் அது இழுபடுகிறது.

4 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு டீம்ஸ் செயலி பாரம்தான். விண்டோஸ் 7, 8 இல் புதிய டீம்ஸ் ஏறவே ஏறாது. செயலியை விட்டுவிட்டு எட்ஜ் அல்லது குரோம் பிரவுசரில் லிங்கைத் திறந்து, வேறு டப்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். அதற்கும் திணறினால் போனில் சேருங்கள். ஐந்து வருடப் பழைய போன்கூட பல நேரம் பத்து வருட லப்டொப்பைவிட நன்றாகத் தாங்கும்.

ஸ்லைடை அனுப்பினால் தமிழ் எழுத்துகள் குழம்பி வருகின்றன.

பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். உங்கள் கணினியிலிருந்து ஸ்கிரீன் ஷேர் செய்தால் சரியாகத் தெரியும், ஏனென்றால் அங்கே படமாகத்தான் போகிறது. கோப்பாக அனுப்பினாலோ கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றினாலோ பாமினி இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நிற்கும். எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்துமுறையான யுனிகோட்டுக்கு மாற்றுங்கள், இணையத்தில் மாற்றிகள் உண்டு. அவசரமென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அரட்டைப் பெட்டியில் எந்தச் செயலியிலும் யுனிகோட் தமிழ் நன்றாகவே வரும்.

கூட்டத்தைப் பதிவு செய்யலாமா?

இலவசக் கணக்குகளில் சூம் மட்டும், அதுவும் கணினியில் தொடங்கினால், கணினியிலேயே பதிய விடும். இலவச மீட், டீம்ஸ் இரண்டிலும் பதிவு இல்லை. சூமில் கூட்டம் முடிந்த பிறகுதான் பதிவு வீடியோக் கோப்பாக மாறும். அந்த நேரம் லப்டொப்பை மூடினாலோ பற்றரி செத்தாலோ பாதியில் நிற்கும். பதற வேண்டாம்: பதிவுக் கோப்புறைக்குள் இருக்கும் மாற்றப்படாத கோப்பை இருமுறை அழுத்தினால் மாற்றம் மீண்டும் தொடங்கும்.

பதிவு செய்வதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை அடையாளம் காட்டும் தகவலைத் தனிப்பட்ட தரவு என்கிறது; முகமும் குரலும் அப்படி அடையாளம் காட்டக்கூடியவை என்பதை நினைவில் வையுங்கள். சிறுவர் பாதுகாப்பு, பெண்கள் மீதான வன்முறை, காணிப் பிணக்கு போன்ற சம்பவங்களைப் பேசும் கூட்டத்தைப் பதியவே கூடாது. எழுதிய குறிப்பு போதும், அதிலும் பெயருக்குப் பதில் இலக்கம். அப்படியான பேச்சுக்கு வட்ஸ்அப் அழைப்பு இயல்பாகவே முனைக்கு முனை மறைகுறியாக்கம் (பேசுபவர்களைத் தவிர வேறெவரும் கேட்க முடியாத பூட்டு) உள்ளது. சூமில் அதைத் தனியாகத் திறக்க வேண்டும். திறந்தால் இணையச் சேமிப்புப் பதிவு வேலை செய்யாது.

தெரியாத ஆட்கள் உள்ளே வந்து குழப்புகிறார்கள்.

லிங்க் முகநூலில் போயிருக்கும். பொது அறிவித்தலில் லிங்க் போடாமல், பங்குபற்றப் பெயர் கொடுத்தவருக்கு மட்டும் அனுப்புங்கள். காத்திருப்பு அறையைத் திறந்து வையுங்கள், ஸ்கிரீன் ஷேரை ஹோஸ்டுக்கு (கூட்டத்தை நடத்துபவருக்கு) மட்டும் ஆக்குங்கள், எல்லோரும் வந்ததும் கூட்டத்தைப் பூட்டுங்கள். "ரெட்மி", "கலக்ஸி" என்று போன் பெயரில் காத்திருப்பவர் யாரென்று தெரியாது. பெயரும் பிரதேச செயலகப் பிரிவும் போட்டு வரும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரவுப் பதிவுக்கும் அது உதவும்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால்?

நவம்பர் முதல் ஜனவரி வரை முக்கியமான கூட்டத்துக்கு இரண்டாவது வழி இல்லாமல் இருக்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு உள்ள இடத்தில் கரண்ட் போனதும் நிற்பது பெரும்பாலும் உங்கள் ரவுட்டர்தான். 12 வோல்ட் ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். 8800 மில்லியம்பியர் மணி என்று போட்டிருந்தால் உள்ளே ஏறத்தாழ 32 வாட் மணி உண்டு; 10 வாட் இழுக்கும் ரவுட்டர் இரண்டரை மணித்தியாலம் அளவில் ஓடும். வாங்கும் முன் ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர், பின்னின் அளவு மூன்றையும் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் செருகினால் எரிந்துவிடக்கூடும்.

கைபோன் ஹொட்ஸ்பொட்டை மாற்றாக வைப்பதானால், அலுவலக இணைப்புக் கொம்பனியின் சிம்மாக இல்லாமல் வேறு கொம்பனியின் சிம்மாக இருக்கட்டும். ஒரு கொம்பனியின் கேபிள் அறுந்தால் அதன் டவரும் சேர்ந்து படுக்கக்கூடும். கூட்டத்தில் இணை ஹோஸ்ட் ஒருவரை வேறு ஊரில் வையுங்கள். களுவாஞ்சிகுடியில் கரண்ட் போனால் கல்முனையில் இருப்பவர் கூட்டத்தைத் தொடரலாம்.

எந்த நேரம் வைப்பது நல்லது?

வெள்ளி 12 முதல் 2 வரை வைக்காதீர்கள், காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை உத்தியோகத்தர்கள் ஜும்ஆவில் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் பின்னேரக் கூட்டம் 5 மணிக்குள் முடியட்டும். கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சேர்பவரை மியூட்டில் வைத்து அரட்டைப் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பங்காளர்களோடு என்றால் அவர்கள் பக்கம் வருடத்தில் இருமுறை மணிக்கூடு மாறும், எங்கள் பக்கம் மாறாது. இலண்டன் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் பின்னால். ஜெனீவா கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. டொரொண்டோ ஒன்பதரை, பத்தரை. இலண்டன், ஜெனீவாப் பக்கம் மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும்தான் ஆட்கள் ஒரு மணித்தியாலம் பிந்தியோ முந்தியோ வருவார்கள். டொரொண்டோவில் மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் நடக்கும். நேரத்தைச் செய்தியில் எழுதுவதோடு விடாமல் கூகுள் கலண்டர் அழைப்பாகவும் அனுப்பினால் அது அவரவர் ஊர் நேரத்தில் காட்டும்.

இப்போது பாவிப்பதை விட்டு வேறொன்றுக்கு மாறலாமா? எப்படிச் சோதிப்பது?

ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். உண்மையான கூட்டம் இரண்டைப் புதிய செயலியில் நடத்துங்கள், ஒன்று காலையில், ஒன்று பின்னேரம். மூன்று விடயங்களை எழுதி வையுங்கள்: எத்தனை பேர் உதவி கேட்காமல் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் இடையில் அறுபட்டார்கள், ஆகத் தூரத்தில் இருந்தவர் பேசியது கூட்டறிக்கையில் இருக்கிறதா. பழைய செயலியிலும் அதே மூன்றையும் இரண்டு கூட்டத்துக்கு எழுதி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறுவதென்று முடிவானால், முதல் கூட்டத்துக்கு 15 நிமிடம் முன்பே லிங்கைத் திறந்து, உள்ளே வரத் தடுமாறுபவருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க ஒருவரை ஒதுக்கி வையுங்கள்.